எழுதி முடிந்த பத்திரம்: எபேசியர் முதல் அதிகாரமும் எங்கள் ஊர்க் கேள்விகளும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். போன மாங்காய் சீசனில் எபேசியர் நிருபத்தை, அதாவது பவுல் எபேசு சபைக்கு எழுதின கடிதத்தை, எடுத்தோம். முதல் அதிகாரத்தைத் தாண்டவே இரண்டு மாதம் ஆகிவிட்டது. காரணம் கேள்விகள். அப்புறம் காவேரிப்பட்டணம், பர்கூர், தர்மபுரி என்று போன இடத்திலெல்லாம் அதே கேள்விகள் வேறு வேறு வாயிலிருந்து வந்தன. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் போதகர் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் பதில்களில் முத்திரைத்தாள் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வசனங்கள் எல்லாம் நம் வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து.

எபேசியர் முதல் அதிகாரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மூன்றாம் வசனத்தில் தொடங்கும் வாக்கியம் பதினாலாம் வசனத்தில்தான் முடிகிறது. கிரேக்க மூலத்தில் அது ஒரே வாக்கியம், ஏறக்குறைய 200 சொற்கள். பழைய பத்திரம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. “நான் எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் என்னவென்றால்” என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் ஒரு பக்கம் போய்த்தான் புள்ளி வரும்.

அதில் வரும் சொற்களைக் கவனியுங்கள்: சுவிகாரபுத்திரர், மீட்பு, சுதந்தரம், முத்திரை, அச்சாரம். எல்லாமே சார்பதிவாளர் அலுவலக வாசலில் புழங்குகிற சங்கதிகள். ‘சுதந்தரம்’ என்றவுடன் ஆகஸ்ட் 15 ஞாபகம் வரும். பழைய வேதாகமத் தமிழில் அதற்குச் சொத்துரிமை என்று பொருள், சுதந்தரவாளி என்றால் வாரிசு. இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி நிருபம் விளங்கிவிடும்.

அப்புறம் வினைச்சொல். “அவர் கிறிஸ்துவுக்குள் உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் நம்மை ஆசீர்வதித்திருக்கிறார்” என்கிறது மூன்றாம் வசனம். ஆசீர்வதிப்பார் என்று இல்லை, ஆசீர்வதித்திருக்கிறார். நாமோ “ஆசீர்வதியும் ஆண்டவரே” என்று ராத்திரியெல்லாம் கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதிவான பத்திரம் பீரோவில் இருக்க, அதே நிலத்துக்காக மனு எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் அப்பா எழுதிவைத்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிரையப் பத்திரத்தில் கைமாறாகப் பணத்தைக் காட்டுவோம். தானப் பத்திரத்தில் அந்த இடத்தில் “உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று எழுதுவோம். பவுல் அதே இடத்தில் “தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படியே” என்று எழுதுகிறார். வாங்குகிறவன் என்ன கொடுத்தான் என்ற வரியே கிடையாது. இத்தனையையும் எழுதினவர் அப்போது காவலில், சங்கிலியில் இருந்தார். அதை அந்த நிருபத்திலேயே சொல்கிறார்.

‘ஆவிக்குரிய’ ஆசீர்வாதம் என்றால் வாராவாரம் குழுக் கடன் கட்டுகிற எனக்கு என்ன பிரயோஜனம்?

பர்கூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இந்த அதிகாரம் கடனை அடைக்காது. புது வருஷ ஆராதனையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டையும் அடைக்காது. அடைக்கும் என்று சொல்லி, கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று “விதைக் காணிக்கை” கேட்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நானே ஒரு வறட்சி வருஷத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் பேச்சைக் கேட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்தவன். நூறு மடங்கு வரவில்லை. வீட்டில் நூறு கேள்வி வந்தது.

பிரயோஜனம் வேறு இடத்தில் இருக்கிறது. கடன்காரர் வாசலில் நின்று சத்தம் போடும்போது பணம் மட்டுமா போகிறது? “இவள் இவ்வளவுதான்” என்று தெருவே தீர்ப்புச் சொல்வது போல ஆகிவிடுகிறது. நாளாக ஆக நாமே அதை நம்ப ஆரம்பிக்கிறோம். நீங்கள் யார் என்பதைத் தவணை அட்டை தீர்மானிக்க முடியாது என்பதுதான் இந்த அதிகாரம் தருகிற திடம். கொலோசெயர் 2:14 நமக்கு விரோதமாக இருந்த “கையெழுத்தை” கிறிஸ்து குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல் கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் சீட்டைக் குறிக்கும், நம்முடைய புரோநோட்டு மாதிரி. கடவுளிடம் இருந்த நோட்டு கிழிந்துவிட்டது. குழுவிடம் இருக்கிற நோட்டைத் தலைநிமிர்ந்து, கணக்குப் போட்டு, நாம்தான் அடைக்க வேண்டும்.

கூடவே சபைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதே நிருபம் 4:28-ல் கைகளால் பாடுபட்டுச் சம்பாதித்து இல்லாதவனுக்குக் கொடு என்கிறது. அந்த அக்காவுக்காக ஜெபித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் நாங்கள் அந்த அதிகாரம் வரை வாசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

‘சுவிகாரபுத்திரர்’ என்றால் தத்துப்பிள்ளைதானே? சொந்தப் பிள்ளைக்கு ஒரு படி கீழே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும், ஏனென்றால் இது என் தொழில்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நெடுங்காலம் தத்தெடுக்கச் சட்டமே கிடையாது. 1956-ல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கானது. ஒரு கிறிஸ்தவத் தம்பதி குழந்தையை எடுத்து வளர்த்தால் 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் ‘காப்பாளர்’ என்றுதான் பேர் வாங்க முடியும். பால் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் காகிதத்தில் அம்மா அப்பா கிடையாது. பிள்ளை மேஜரானால் அந்தக் காப்பாளர் உறவும் முடிந்தது. வாரிசுரிமை தானாக வராது, உயில் எழுதினால்தான் உண்டு. 2000-ல் வந்த சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும்தான் எந்த மதத்தாரும் முழுமையாகத் தத்தெடுக்க வழி திறந்தன.

அந்த நாட்களில் வளர்ப்பு மகளுக்காக உயில் எழுத வந்த ஒரு பெரியவர் கேட்டார்: “இதில் ‘என் மகள்’ என்று போட முடியாதா தம்பி?” ‘என்னால் வளர்க்கப்பட்டு வரும்’ என்றுதான் போட்டேன். அந்த வரி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

இப்போது பவுலுக்கு வாருங்கள். கடவுள் நமக்குக் காப்பாளரானார் என்று அவர் எழுதவில்லை. அவர் வாழ்ந்த ரோம உலகத்தில் தத்து என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கு, பேரும் சொத்தும் கொடுப்பதற்காக நடந்தது. கி.பி. 4-ல் அகுஸ்து இராயன் திபேரியுவை மகனாகத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பத்து வருஷம் கழித்து அவனே இராயன். லூக்கா 3:1-ல் வருகிற திபேரியு இராயன் அவன்தான். ‘இவன் பெற்ற பிள்ளை இல்லையே’ என்று சிம்மாசனத்தில் பாதி கொடுக்கவில்லை. எபேசுவில் இந்த நிருபத்தைக் கேட்டவர்கள் ‘சுவிகாரம்’ என்ற சொல்லைக் கேட்டபோது இரண்டாந்தரப் பிள்ளையை நினைத்திருக்க மாட்டார்கள், வாரிசைத்தான் நினைத்திருப்பார்கள்.

நம் நாட்டு 1956 சட்டத்திலும் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு, 15-வது. முறையாக நடந்த தத்தை எடுத்த பெற்றோர் ரத்து செய்ய முடியாது. பெற்ற பிள்ளையைக் கோபத்தில் “நீ என் பிள்ளையே இல்லை” என்கிறோம். தத்துப்பிள்ளை விஷயத்தில் சட்டமே வாயை அடைத்துவிடுகிறது.

அப்படியானால் ‘புத்திரர்’ என்று ஏன் இருக்கிறது? பெண்கள் நாங்கள் எங்கே?

பத்திர எழுத்தர் மேஜைக்கு எதிரே அதிகம் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். அப்பா இறந்து முப்பதாவது நாள் முடிந்திருக்கும். அண்ணன் தம்பிகள் தங்கையைக் காரில் கூட்டி வருவார்கள். விடுதலைப் பத்திரம். தன் பாகத்தை அண்ணன் பேருக்கு விட்டுக்கொடுத்து அவள் கையெழுத்துப் போடுவாள். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை, சில சமயம் கொஞ்சம் பணம். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயம். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து மகள்களுக்குச் சமபங்கு சட்டம் வந்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகனும் மகளும் சமம். ஆனாலும் கார் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் வீட்டிலிருந்தும்.

பவுல் காலத்திலும் சொத்து என்றால் மகன்தான். அதனால்தான் அவர் அந்தச் சொல்லையே எடுத்து எல்லோர் தலையிலும் வைக்கிறார். கலாத்தியர் 3:26 “நீங்களெல்லாரும்... தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே” என்கிறது. இரண்டே வசனம் தள்ளி “ஆணென்றும் பெண்ணென்றுமில்லை” என்று வருகிறது. ‘மகளே’ என்று இனிமையாகக் கூப்பிட்டுவிட்டு பாகத்தைப் பையன்களுக்கு எழுதுகிற அப்பா அல்ல கடவுள். மகனுக்கு எதுவோ அது உனக்கும் என்கிறார்.

எங்கள் மாவட்டங்களில் இந்த இடத்தில் இன்னொரு காயம் இருக்கிறது. பெண் சிசுக்கொலைக்குப் பேர் வாங்கின மண் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வரவேண்டியிருந்தது. மூன்றாவது பெண் பிறந்தால் ‘போதும்பொண்ணு’ என்று பேர் வைக்கிற பழக்கம் நமக்குத் தெரியாததா? அந்தப் பேரோடு ஐம்பது வருஷம் வாழ்ந்த அம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். “உலகத்தோற்றத்துக்குமுன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே” என்ற வசனத்தை வாசித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது, “அப்போ என்னை வேணும்னுதான் எடுத்தாங்களா?” என்றார். ஆமாம் அம்மா, வேண்டும் என்றுதான். ஏசாயா 62-ம் அதிகாரத்தில் கைவிடப்பட்டவள் என்று பேர் வாங்கினவளுக்குக் கர்த்தர் புதுப் பேர் வைக்கிறார், எப்சிபா. அவள்மேல் எனக்குப் பிரியம் என்று அர்த்தம்.

முன்குறித்தல், அதாவது கடவுள் முன்னமே தெரிந்துகொண்டார் என்றால், மற்றவர்களை வேண்டாம் என்று விட்டுவிட்டாரா?

இதற்கு நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள் உண்டு, நான் வெள்ளிக்கிழமை ஏழரைக்குள் முடிக்க முடியாது. பவுல் இதை யாரையும் வெளியே தள்ளுவதற்காக எழுதவில்லை, துதிப்பதற்காக எழுதினார் என்பது மட்டும் வசனத்திலேயே தெரிகிறது. பேர் விடுபட்டவர்களின் பட்டியல் தயாரிக்கச் சொல்லி நமக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் குடிக்குப் போய்விடுகிறேன். நான் எப்படிப் ‘பரிசுத்தவான்’?

ஒசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிற தம்பி, இரவு ஷிப்ட் முடிந்து அனுப்பின கேள்வி.

முதல் வசனத்தில் பவுல் எபேசு சபையாரைப் “பரிசுத்தவான்கள்” என்கிறார். நாலாம் அதிகாரத்தில் அதே ஆட்களிடம் பொய் சொல்லாதே, திருடாதே என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் மதுபான வெறி கொள்ளாதே என்கிறார். அங்கே அதெல்லாம் நடந்துகொண்டிருக்காமலா எழுதினார்? திருந்தினால் பேர் கொடுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. பேரை முதல் வரியில் கொடுத்துவிட்டுத்தான் திருந்தச் சொல்கிறார். இந்த வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடும்.

சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்களிடம் கேளுங்கள். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றின் மேல் நல்ல சாதி மரத்தின் குச்சியை ஒட்டுகிறார்கள். நட்ட பிறகும் ஒட்டுக்குக் கீழே பழைய தண்டிலிருந்து துளிர் வரும். வரத்தான் செய்யும். அதைப் பார்த்து ‘ஐயோ, இது பெங்களூரா ரக மா இல்லை’ என்று யாரும் கன்றைப் பிடுங்குவதில்லை. துளிரைக் கிள்ளுகிறார்கள். கிள்ளாமல் விட்டால் மேலே உள்ளதை அது அமுக்கிவிடும் என்பதும் உண்மை. அதனால் தம்பி, நீ யார் என்ற பயம் வேண்டாம், ஆனால் கிள்ளு. தனியாக முடியாவிட்டால் அரசு மருத்துவமனையில் குடியை நிறுத்தச் சிகிச்சை தருகிறார்கள், போ. திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கி வலிப்புக்கூட வரலாம் என்பதால் பழைய குடிகாரர்கள் மருத்துவரைப் பார்த்தே நிறுத்த வேண்டும். இது விசுவாசக் குறைவு ஆகாது.

சோதனை வரும்போது ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார் மார்ட்டின் லுத்தர். ‘நான் இனிமேல் விழமாட்டேன்’ என்று சொல்லச் சொல்லவில்லை, கவனித்தாயா?

என் பல் முழுக்கக் கறை. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார்கள். ‘குற்றமில்லாதவள்’ என்று வாசிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை. நம் இரண்டு மாவட்டத்தாருக்கும் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பழுப்புக் கறை பல்லுக்குள்ளேயே விழுந்துவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன்னால் வளர்ந்த பிள்ளைகளின் சிரிப்பைக் கிணறு எடுத்துக்கொண்டது. நீங்கள் செய்த தப்பு இதில் ஒன்றுமே இல்லை.

1:4-ல் ‘குற்றமில்லாத’ என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் பலிக்குக் கொண்டுவரும் ஆட்டில் ஊனம் இல்லை என்று சொல்லப் பயன்பட்டது. ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பது போல உங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது அச்சில் வராது. 5:27-ல் சபையை மணவாட்டியாக வைத்து “கறைதிரை முதலானவைகள் ஒன்றுமில்லாமல்” நிறுத்துவார் என்று வருகிறது. கறை என்ற சொல்லே இருக்கிறது, பாருங்கள். அங்கே மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போகவில்லை. அவளுக்காகத் தன்னையே கொடுக்கிறார். பல் மருத்துவரிடம் கறையை மறைக்கவும் வழி இருக்கிறது, வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். செய்யாவிட்டாலும் வாயைக் கையால் மூடாமல் பாட்டுப் பாடுங்கள்.

பரம்பரைச் சாபம் இருக்கிறது, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் அது பலிக்குமா?

சொத்து வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அடமானம் இருந்து அது தீர்ந்திருந்தால், ரத்துப் பத்திரமும் அதில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகும் ஒருவன் வந்து, “உன் தாத்தா வாங்கின கடன் இருக்கிறது, ஐயாயிரம் கொடு, நான் தீர்த்துவைக்கிறேன்” என்றால் அவனை என்ன சொல்வோம்? கலாத்தியர் 3:13 கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்கிறது. அதுதான் ரத்துப் பத்திரம். சாபம் முறிக்கக் கட்டணம் கேட்கிறவர் சபைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

எபேசுவுக்கும் இந்தப் பயம் தெரியும். மாயவித்தைக்குப் பேர்போன ஊர். விசுவாசித்தவர்கள் தங்கள் மந்திரப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்ததாக அப்போஸ்தலர் 19 சொல்கிறது. கணக்குப் பார்த்தால் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அந்த ஊருக்குத்தான் பவுல், கிறிஸ்து எல்லாத் துரைத்தனத்துக்கும் அதிகாரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறார் என்றும், அடுத்த அதிகாரத்திலேயே நம்மையும் அவரோடு உட்காரப்பண்ணினார் என்றும் எழுதுகிறார். பயம் உடனே போய்விடாது, தெரியும். எலுமிச்சம்பழத்தை வாசலில் பார்த்தால் எனக்கும் ஒரு நொடி நெஞ்சு அடிக்கும். அப்புறம் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

‘அச்சாரம்’ என்றால் என்ன? மீதி எப்போது வரும்?

மாங்காய்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தருவதா! பூ பிடித்த சமயத்தில் வியாபாரி தோப்பைச் சுற்றிப் பார்த்துக் குத்தகை பேசி, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறார். காய் இன்னும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து அது அவர் தோப்பு. காவலுக்கு ஆள் போடுகிறார். அச்சாரம் என்பது மொத்தப் பணத்தில் ஒரு பகுதி, வெறும் வாக்கு இல்லை. பவுல் எழுதின ‘அர்ரபோன்’ என்ற கிரேக்கச் சொல்லும் வியாபாரச் சொல்தான். இன்றைய கிரேக்கத்தில் அதே குடும்பத்துச் சொல் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வழங்குகிறது.

வித்தியாசம் ஒன்று. நம் ஊரில் விலை விழுந்தால் அச்சாரத்தை விட்டுவிட்டு ஓடுகிற வியாபாரி உண்டு, அந்த வருஷம் கூழ் ஆலை வாசலில் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். இங்கே அச்சாரமாகக் கொடுத்தது பணம் இல்லை, அவருடைய ஆவியையே. அதை விட்டுவிட்டு அவர் எங்கே ஓடுவது? மீதியைப் பற்றிப் பதினாலாம் வசனம் ‘மீட்கப்படுவார்கள்’ என்று எதிர்காலத்தில் பேசுகிறது. ஆகவே இப்போது நம் கையில் இருப்பது முழுசு இல்லை. வியாதி இருக்கிறது, சாவு இருக்கிறது. எல்லாம் கிடைத்துவிட்டது என்று மேடையில் சொல்கிறவர்கள் பூவைக் காட்டிக் காயின் விலை சொல்கிறார்கள்.

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிறோம். சாதி மட்டும் போகவில்லையே?

போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் பார்த்திருக்கிறேன். சான்றிதழ்க் கதையும் இருக்கிறது. 1950-ம் வருஷத்து ஆணைப்படி பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருகிறார்கள். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கிடைத்த திருத்தம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் ‘நீ இப்போது அந்தச் சாதி இல்லை’ என்கிறார்கள், சபையில் பெண் கேட்டுப் போனால் ‘நீ அந்தச் சாதிதானே’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் அடி.

எபேசியர் 2:14 கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்தார் என்கிறது. இது வெறும் உவமை இல்லை. எருசலேம் ஆலயத்தில் அந்நியர் தாண்டக் கூடாத ஒரு தடுப்பு நிஜமாகவே இருந்தது. தாண்டினால் மரணம் என்று கிரேக்கத்தில் வெட்டின எச்சரிக்கைக் கல் 1871-ல் கிடைத்தது. பவுல் ஏன் பிடிபட்டார் தெரியுமா? எபேசுவைச் சேர்ந்த துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்குள் கூட்டிப்போனார் என்று கூச்சல் போட்டுத்தான் (அப்போஸ்தலர் 21:29). அங்கே தொடங்கின காவலும் சங்கிலியும்தான் நீண்டுகொண்டே போயின. தங்கள் ஊர்க்காரன் விஷயத்தில் பிடிபட்டவரே, சுவர் இடிந்தது என்று எழுதின காகிதத்தை எபேசுக்காரர்கள் எந்த மனசோடு வாசித்திருப்பார்கள்! அதே காகிதத்தை வாசித்துவிட்டு நாம் திருமண விளம்பரத்தில் உட்பிரிவு போடுகிறோம். இது விசுவாசத்தில் சின்னக் குறை என்று நான் நினைக்கவில்லை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன் ஷரத்தை மீறுவது.

இதெல்லாம் தெரியும். ஆனால் உள்ளே ஒன்றும் உணரவில்லை. ஜெபிக்கவும் முடியவில்லை.

உணர்வு வராததால் பத்திரம் செல்லாமல் போகாது. தூங்குகிறவன் பேரிலும் பட்டா இருக்கும். இதோடு நிறுத்திவிடலாம், ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தபோதும் திட்டவில்லை. இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எனவே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி (டெலி மானஸ்) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அருகில் இருப்பவர்கள் வசனம் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு தூக்குச்சட்டியில் களியும் கீரையும் கொண்டுபோங்கள்.

நீங்கள் எந்தச் சபை?

எங்கள் மாடியில் மூன்று நாலு சபைக்காரர்கள் உட்காருகிறார்கள். 1895-ல் மிசௌரி லுத்தரன் மிஷனரி நேதர் இந்தியாவில் வேலை தொடங்கின ஊர் கிருஷ்ணகிரிதான். தர்மபுரியில் 1997 முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தெருவுக்குத் தெரு. எபேசியர் முதல் அதிகாரம் எல்லோர் வேதத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இதை எப்படிச் சொல்வது?

கைநாட்டு வைக்கிறவர் வந்தால் பத்திரம் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, அதற்கு அப்புறம்தான் விரலை மையில் தோய்க்கச் சொல்வோம். அதேதான் இங்கேயும். விளக்கம் வேண்டாம். மூன்றிலிருந்து பதினாலு வரை நிதானமாக வாசியுங்கள், ‘நம்மை’ என்று வரும் இடத்தில் பாட்டியின் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருதரம் போதும்.

போன மாதம் ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பாட்டிக்கு இப்படி வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், முடிந்ததும் என் வேதப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அலுவலக வாசலில் எல்லாப் பெரியவர்களும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்: “என் பேரு எங்க இருக்குது, காட்டு.” அவர் விரலைப் பிடித்து மூன்றாம் வசனத்தில் ‘நம்மை’ என்ற சொல்லின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.